தேடல் அறிக்கையில் என் பெயர்

காப்புரிமைத் தேடல் அறிக்கை ஒன்றை முதன்முதலாகத் திறந்தபோது எனக்கு அதைப் படிக்கவே தெரியாது. எங்கள் கண்டுபிடிப்புக்கு முன்பே வெளியான ஆவணங்களைக் காப்புரிமை அலுவலகம் தேடிப் பட்டியலிட்ட ஓர் அட்டவணை. இடது ஓரத்தில் ஒற்றை எழுத்து, நடுவில் ஏதோ ஓர் ஆவணத்தின் பெயர், வலது ஓரத்தில் எங்கள் உரிமைக்கோரல்களின், அதாவது எதற்கெல்லாம் உரிமை கேட்கிறோம் என்று விண்ணப்பத்தில் வரிசையிட்டவற்றின், எண்கள். 'ஏ' என்றிருந்தால் பின்னணித் தகவல், கவலையில்லை. 'ஒய்' என்றிருந்தால் வேறோர் ஆவணத்தோடு சேர்த்துப் படிக்கும்போது சிக்கல். 'எக்ஸ்' என்றிருந்தால் அந்த ஓர் ஆவணமே போதும், கண்டுபிடிப்பு புதியது அல்லது எளிதில் ஊகிக்க முடியாதது என்ற வாதம் அடிபட்டுவிடும். எங்கள் அறிக்கையின் முதல் வரியிலேயே எக்ஸ். பக்கத்தில் இருந்த ஆவணம் ஒரு மாநாட்டின் சுருக்கத் தொகுப்பு. அதில் குறிப்பிட்ட பக்கத்தின் முதல் ஆசிரியர் நான்.

நீர் வடிகட்டும் சவ்வின் மேல் அழுக்கு படியாமல் தடுக்கும் பூச்சு பற்றிய ஆய்வு அது. நான்கு வருட உழைப்பு. மாநாட்டுக்கு அனுப்பிய சுருக்கம் 250 சொற்கள்தான். ஆனால் அந்த 250 சொற்களுக்குள் பாலிமரின் பெயர், கரைசலின் செறிவு, எத்தனை டிகிரியில் பதப்படுத்த வேண்டும் என்ற மூன்றும் இருந்தன. யாரும் எழுதச் சொல்லவில்லை. எண்கள் இருந்தால் தேர்வுக் குழுவுக்கு நம்பிக்கை வரும் என்று நானாகச் சேர்த்தவை. தொகுப்பு மாநாட்டுக்கு முன்பே இணையத்தில் ஏறிவிட்டது. அதற்கு ஐந்து வாரம் கழித்துத்தான் காப்புரிமை விண்ணப்பம் போட்டோம். 'ஆய்வுக் கட்டுரை இன்னும் அச்சாகவில்லையே, அப்புறம் என்ன' என்பதுதான் அன்று லேபில் எல்லோருக்கும் இருந்த தைரியம்.

அறிக்கை கைக்கு வந்தபோது முதல் விண்ணப்பம் போட்டுப் பதினாறு மாதம் ஆகியிருந்தது. ஐரோப்பாவில் கதவு மூடிவிட்டது. அங்கே கண்டுபிடிப்பாளரே வெளியிட்டிருந்தாலும், விண்ணப்பத் தேதிக்கு முன் பொதுவெளிக்கு வந்துவிட்டால் புதுமை போய்விடும். மிகக் குறுகலான விதிவிலக்குகள்தான் உண்டு, எங்களுக்கு அவை பொருந்தவில்லை. அமெரிக்காவில் கண்டுபிடிப்பாளர் தானே வெளியிட்டதற்கு ஓராண்டு சலுகைக் காலம் இருப்பதால் அங்கே தப்பித்தோம். ஜப்பானிலும் 2018 முதல் ஓராண்டு. இந்தியச் சட்டம் சில குறிப்பிட்ட சூழல்களுக்கு மட்டும் பன்னிரண்டு மாதம் தருகிறது. நாட்டுக்கு நாடு இப்படி மாறுவதால், எங்கே வெளியிட்டாலும் உலகம் முழுவதற்கும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. எங்களிடம் உரிமம் வாங்கப் பேசிக்கொண்டிருந்த நிறுவனத்துக்குத் தேவைப்பட்டது ஐரோப்பியச் சந்தை. இரண்டு வரி மின்னஞ்சலோடு விலகிக்கொண்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தச் சுருக்கத்தைத் தட்டச்சு செய்த என் விரல்கள்மேல்தான் ரொம்ப நாள் கோபம் இருந்தது.

இரண்டு வருடம் கழித்து அதே பல்கலைக்கழகத்தின் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். மேசையின் மறுபக்கம். பதினோரு வருடமாக, என்ன கண்டுபிடித்தோம் என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதிக் கொண்டுவரும் வெளிப்படுத்தல் படிவங்களைப் படிப்பதும், அவர்களோடு உட்கார்ந்து பேசுவதும்தான் என் வேலை. இதை எழுதுவதற்குக் காரணம் ஒன்றே: எங்களிடம் வரும்போது பாதிப் பேர் ஏற்கெனவே எதையாவது இழந்துவிட்டுத்தான் வருகிறார்கள். சட்டம் கடினம் என்பதால் அல்ல. பேச வேண்டிய ஒரு பேச்சை ஆறு மாதம் முன்னால் யாரும் பேசவில்லை என்பதால்.

மாநாட்டுப் போஸ்டர் என்றால் சும்மா ஒட்டிவைத்துக் கழற்றுவது என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் 2004 தீர்ப்பு ஒன்று. 1998-ல் சில ஆராய்ச்சியாளர்கள் பதினான்கு ஸ்லைடுகளை அச்செடுத்துப் பலகையில் ஒட்டி, ஒரு மாநாட்டில் இரண்டரை நாள் காட்சிக்கு வைத்தார்கள். பிரதி யாருக்கும் தரவில்லை, எந்த நூலகத்திலும் சேர்க்கவில்லை. இரண்டு வருடம் கழித்து விண்ணப்பித்தபோது அந்தப் பலகையே அச்சு வெளியீடாகக் கருதப்பட்டு காப்புரிமை மறுக்கப்பட்டது. பார்வையாளர்கள் துறை அறிந்தவர்கள், குறிப்பெடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, எடுக்கப் போதுமான நேரமும் இருந்தது என்பது நீதிமன்றத்தின் பார்வை. ஆய்வேட்டின் கதை இன்னும் பழையது. 1986-ல் அதே நீதிமன்றம், ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழக நூலகத்தில் பட்டியலிடப்பட்டு அலமாரியில் இருந்த ஒரே ஒரு ஆய்வேட்டுப் பிரதி போதும் என்று முடிவு சொன்னது. இன்று ஆய்வேடு அலமாரிக்குப் போவதற்கு முன்பே இணையக் களஞ்சியத்துக்குப் போய்விடுகிறது. வெளியீட்டைக் குறிப்பிட்ட காலம் நிறுத்திவைக்கும் வசதி பல பல்கலைக்கழகங்களில் உண்டு. ஆனால் அது தானாக நடப்பதில்லை. சமர்ப்பிக்கும் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் செய்ய வேண்டும். அந்தக் கட்டத்தைக் கவனித்த மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வாய்மொழித் தேர்வுக்கும் இது பொருந்தும். பார்வையாளர்களுக்குத் திறந்த தேர்வு என்றால் அதுவும் வெளியீடுதான். வெளித்தேர்வாளரிடமும் வந்திருப்பவர்களிடமும் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, மூடிய அறையில் நடத்திய தேர்வுகள் உண்டு. நெறியாளர்கள் முதலில் சங்கடப்படுவார்கள். தேர்வாளர்கள் யாரும் இதுவரை மறுத்ததில்லை.

இனி, எனக்கு மனதுக்கு மிக நெருக்கமான விஷயம். யார் கண்டுபிடிப்பாளர்?

ஒரு வினையூக்கி பற்றிய படிவம் வந்தது. கண்டுபிடிப்பாளர் பட்டியலில் ஆறு பெயர். நெறியாளர், இரண்டு முனைவர் பட்ட மாணவர்கள், கருவி இயக்கியவர், ஒத்துழைத்த இன்னொரு ஆய்வகத்தின் தலைவர், துறைத் தலைவர். ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலை அப்படியே நகலெடுத்திருந்தார்கள். பெரும்பாலும் இப்படித்தான் வரும். பரிசோதனைகளை அன்றன்று எழுதிவைக்கும் ஆய்வக நோட்புக்கைக் கேட்டேன். முக்கியமான உரிமைக்கோரல் என்பது பொருட்களைச் சேர்க்கும் வரிசையைப் பற்றியது. வழக்கமான வரிசையைத் தலைகீழாக்கியதால்தான் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வந்தன. அந்த யோசனை முதலில் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று புரட்டிக்கொண்டே போனோம். ஒரு பக்கத்தின் ஓரத்தில், பென்சிலில், வேறொரு கையெழுத்தில் ஒரு வரி: 'உப்பை முதலில் போட்டால் என்ன?' பக்கத்தில் தேதி. அடுத்த பக்கத்தில் அந்தப் பரிசோதனை.

"இது யார் எழுத்து சார்?" என்று கேட்டேன்.

நெறியாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். முதுநிலைத் திட்டப்பணிக்காக நான்கு மாதம் வந்திருந்த ஒரு மாணவியின் எழுத்து. படிப்பு முடிந்து போய்விட்டாள். பட்டியலில் அவள் பெயர் இல்லை. வேண்டுமென்றே விட்டதில்லை, நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். கட்டுரையிலும் கடைசியில் நன்றி சொல்லியிருந்தார்கள்.

ஆசிரியர் என்பதும் கண்டுபிடிப்பாளர் என்பதும் இரண்டு வேறு கணக்கு. பணம் வாங்கித் தந்தவர், கருவியை இயக்கியவர், சொன்னதைச் செய்து முடித்தவர், துறைக்குத் தலைவராக இருப்பவர் ஆகியோர் கட்டுரையில் இடம்பெறலாம், மரியாதைக்குரியவர்கள்தான். ஆனால் உரிமைக்கோரல்களில் ஏதாவது ஒன்றின் யோசனைக்குப் பங்களித்தவரே கண்டுபிடிப்பாளர். அமெரிக்காவில் இந்தப் பட்டியல் தவறாக இருந்து, திருத்தாமலும் விட்டால் காப்புரிமையே செல்லாமல் போகலாம். பின்னாளில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் தோண்டும் இடமும் இதுதான். அந்தப் படிவத்திலிருந்து மூன்று பெயர்களை எடுத்தோம். துறைத் தலைவரிடம் அதைச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. சட்டத்தின் வரையறையை எடுத்து முன்னால் வைத்தேன். படித்துவிட்டு, "நியாயம்தானே" என்றார். மாணவியைத் தேடிப் பிடித்தோம். தொலைபேசியில் அவளுக்கு முதலில் புரியவே இல்லை. "நான் சும்மாதான் கேட்டேன் மேடம்" என்றாள். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. கண்டுபிடிப்பின் தொடக்கம் பெரும்பாலும் அப்படி ஒரு சும்மாவில்தான் இருக்கிறது. அதை யாராவது தேதியோடு எழுதிவைத்திருக்க வேண்டும்.

நோட்புக்கைப் பற்றி இதற்குமேல் நான் சொல்வதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: பக்க எண், தேதி, அழியாத மை, கிழிக்காமை, புரிந்துகொள்ளக்கூடிய ஒருவரின் சாட்சிக் கையெழுத்து. அமெரிக்காவும் 2013-ல் முதலில் விண்ணப்பித்தவருக்கே உரிமை என்ற முறைக்கு மாறிவிட்டதால் நோட்புக் இனி எதற்கு என்று கேட்கிறார்கள். முந்தியவர் யார் என்று நிரூபிக்க அது இப்போது பெரிதாகத் தேவைப்படாமல் போகலாம். உள்ளே இருப்பவர்களில் யோசனை யாருடையது என்று கண்டுபிடிக்க வேறு எதுவும் எங்களிடம் இல்லை.

கண்டுபிடிப்பாளர் யார் என்பது முடிந்தபின், உரிமையாளர் யார் என்ற கேள்வி. இங்கேதான் ஒப்பந்தத்தின் ஒரே ஒரு வினைச்சொல் கோடிகளைப் புரட்டிப் போட்ட வழக்கு வருகிறது. 1988-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஓர் ஆராய்ச்சியாளர், தன் கண்டுபிடிப்புகளின் உரிமையை 'மாற்றித் தர ஒப்புக்கொள்கிறேன்' என்று கையெழுத்திட்டார். அடுத்த வருடம் ஒரு நுட்பம் கற்றுக்கொள்ள சீட்டஸ் என்ற நிறுவனத்துக்குப் போனார். அங்கே வாசலில் கொடுத்த படிவத்தில் 'இதன்மூலம் மாற்றித் தருகிறேன்' என்றிருந்தது. கையெழுத்திட்டார். அவர் பங்களிப்போடு உருவான, ரத்தத்தில் எச்ஐவி அளவைக் கணக்கிடும் முறைக்குப் பல்கலைக்கழகம் காப்புரிமை பெற்றது. சீட்டஸின் அந்தத் தொழிலை வாங்கிய ரோஷ் நிறுவனம் உரிமையில் எங்களுக்கும் பங்குண்டு என்றது. முதல் படிவம் வருங்காலத்துக்கான வாக்குறுதி, இரண்டாவது அங்கேயே அப்போதே கைமாற்றிக் கொடுத்தது. 2011-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய்ப் பல்கலைக்கழகம் தோற்றது. அரசு நிதியில் நடந்த ஆய்வு என்பதால் 1980-ம் ஆண்டு பேய்-டோல் சட்டப்படி உரிமை தானாகவே பல்கலைக்கழகத்துக்கு வந்துவிடும் என்ற வாதத்தையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. உரிமை முதலில் கண்டுபிடித்தவரிடம்தான் பிறக்கிறது, அவர் எழுதிக்கொடுத்தால்தான் வேறு கைக்குப் போகும் என்றது.

அந்தத் தீர்ப்பைப் படித்த வாரம் எங்கள் பணிநியமனக் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். எங்களுடையதிலும் 'ஒப்புக்கொள்கிறேன்' என்றுதான் இருந்தது. மாற்ற ஒன்பது மாதம் ஆனது.

மாணவர்களின் நிலை இதைவிட நுட்பமானது. அவர்கள் பெரும்பாலும் ஊழியர்கள் இல்லை. ஊழியரின் கண்டுபிடிப்பு முதலாளிக்கு என்ற விதி அவர்களைத் தானாகத் தொடாது. சில நாடுகளில் பேராசிரியர்களுக்கே உரிமை என்ற மரபு இருந்தது. ஜெர்மனி அதை 2002-ல் கைவிட்டது, இத்தாலி 2023-ல். ஸ்வீடனில் இன்றும் இருக்கிறது. ஆகவே வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு கூட்டு ஆய்வு என்றால், எதிரில் கையெழுத்திடுபவருக்கு உண்மையில் அந்த உரிமை இருக்கிறதா என்பதை முதலில் கேட்க வேண்டும். கூட்டு உரிமை என்று எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்பதும் தவறு. அமெரிக்காவில் கூட்டு உரிமையாளர் ஒருவர் மற்றவரைக் கேட்காமலே உரிமம் கொடுக்கலாம். இங்கிலாந்திலும் இந்தியாவிலும் மற்றவர் சம்மதம் வேண்டும். ஒரே கண்டுபிடிப்புக்குப் பல நாடுகளில் வாங்கிய காப்புரிமைகளுக்கு நாட்டுக்கு நாடு வேறு விதி. ஒப்பந்தத்தில் நாமே எழுதிவைக்காவிட்டால் இதெல்லாம் பிறகு தலையில் விழும்.

பொருள் பரிமாற்ற ஒப்பந்தங்களை இங்கே ஒரு வரியில் கடந்துவிடுகிறேன்: இலவசமாக வந்த செல் வரிசையோ மாதிரியோ, அதைக் கொண்டு கிடைக்கும் முடிவுகள் யாருக்கு என்ற வரியை வாசிக்காமல் ஃப்ரீஸருக்குள் வைக்காதீர்கள்.

மென்பொருள் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. படப் பகுப்பாய்வு மென்பொருளுக்கு ஒரு நிறுவனம் தனியுரிமம், அதாவது வேறு யாருக்கும் கொடுக்காமல் தனக்கு மட்டுமேயான உரிமம், கேட்டது. மற்றவர்கள் எழுதிவைத்த என்னென்ன நிரல் நூலகங்களைப் பயன்படுத்தினீர்கள் என்று மாணவரிடம் பட்டியல் கேட்டேன். ஏழில் ஒன்று ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் இருந்தது. அதை உள்ளே வைத்துக் கட்டிய நிரலை வெளியே கொடுத்தால் முழுவதையும் அதே உரிமத்தில், மூல நிரலோடு கொடுக்க வேண்டும். தனியுரிமப் பேச்சே எழாது. நல்ல வேளையாக அந்த ஒரு பகுதியை மட்டும் மாணவர் மூன்று வாரத்தில் வேறு நூலகத்தைக் கொண்டு மாற்றி எழுதினார். திறந்த மூல உரிமங்களை நான் குறை சொல்லவில்லை, அவை இல்லாமல் அந்த ஆய்வே நடந்திருக்காது. முதல் நாளிலேயே எது எந்த உரிமம் என்று ஒரு கோப்பில் எழுதிவந்தால் போதும்.

உரிமம் கொடுப்பதில் நான் செய்த பெரிய தவறு ஒன்று உண்டு. என் முதல் தனியுரிம ஒப்பந்தம். நோய் கண்டறியும் தாள்பட்டை ஒன்று. நிறுவனம் ஆர்வமாக வந்தது, தொகையும் நன்றாக இருந்தது. எந்தத் தேதிக்குள் மாதிரி தயாராக வேண்டும், எப்போது பரிசோதனை, செய்யாவிட்டால் என்ன என்று எதையும் நான் எழுதவில்லை. மூன்று வருடம் ஒன்றும் நடக்கவில்லை. அவர்களிடம் ஏற்கெனவே போட்டிப் பொருள் ஒன்று இருந்தது பிறகுதான் தெரிந்தது. எங்கள் தாள்பட்டையை வேறு யாருக்கும் கொடுக்கவும் முடியவில்லை. அதைக் கண்டுபிடித்தவர் ஒவ்வொரு வாரமும் என் அறைக்கு வந்து கதவருகே நின்று, "ஏதாவது தகவல் வந்ததா?" என்று கேட்பார். கேட்பதை நிறுத்திய வாரம்தான் எனக்கு அதிகம் வலித்தது. இப்போது காலக்கெடுக்களும், தவறினால் தனியுரிமம் மற்றவர்களுக்கும் கொடுக்கக்கூடிய பொது உரிமமாக மாறும் என்ற பிரிவும் இல்லாமல் எந்த ஒப்பந்தத்தையும் அனுப்புவதில்லை. எங்கள் சொந்த ஆராய்ச்சிக்கும் கற்பித்தலுக்கும் பயன்படுத்தும் உரிமையை எப்போதும் எங்களிடமே வைத்துக்கொள்கிறோம்.

அடிப்படை நுட்பங்களுக்குத் தனியுரிமமே வேண்டாம் என்பது என் கருத்து. கோஹன், போயர் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகளின் மரபணு இணைப்பு நுட்பம்தான் எனக்கு இதில் வழிகாட்டி. கட்டுரை 1973 நவம்பரில் வந்துவிட்டது. ஸ்டான்ஃபோர்டின் உரிம அலுவலகம் அடுத்த ஆண்டுதான் அதைப் பற்றித் தெரிந்துகொண்டு, ஓராண்டு சலுகைக் காலம் முடியும் விளிம்பில் 1974 நவம்பரில் விண்ணப்பித்தது. என் சுருக்கத்தைப் போலவே அவர்களும் வெளிநாட்டு உரிமைகளை இழந்தார்கள். ஆனால் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமையை ஒருவரிடம் ஒப்படைக்காமல், கேட்ட எல்லோருக்கும் கட்டுப்படியாகும் கட்டணத்தில் உரிமம் கொடுத்தார்கள். 468 நிறுவனங்கள் வாங்கின, 25 கோடி டாலருக்கு மேல் வருமானம் வந்தது. இன்சுலினின் காப்புரிமை இன்னொரு வழியைக் காட்டுகிறது. 1923-ல் அதைக் கண்டுபிடித்தவர்கள் தலா ஒரு டாலருக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார்கள். வேறு யாரும் முடக்கிவிடக் கூடாது, தரம் கெடக் கூடாது என்பதற்காகவே காப்புரிமை வாங்கப்பட்டது. 'காப்புரிமை என்றாலே வியாபாரம்' என்று முகம் சுளிக்கும் ஆராய்ச்சியாளர்களிடம் இதைச் சொல்வேன். கையில் உரிமை இருந்தால்தான் அதைத் திறந்துவிடும் முடிவையும் நாம் எடுக்க முடியும்.

போன மாதம் ஒரு மாலை, அலுவலகம் பூட்டும் நேரத்தில் ஒரு முனைவர் பட்ட மாணவி உருட்டிய போஸ்டரோடு வந்தாள். மறுநாள் காலை மாநாடு. நெறியாளர், "எதற்கும் அங்கே காட்டிவிட்டுப் போ" என்று சொல்லியிருக்கிறார். மேசையில் விரித்துப் பார்த்தோம். மூன்றாவது கட்டத்தில் மொத்தக் கண்டுபிடிப்பும் இருந்தது. முழு விண்ணப்பத்துக்கு முன்பே தேதியைப் பிடித்துவைக்கும் தற்காலிக விண்ணப்பத்தை அன்றிரவே போட்டோம். தற்காலிகம் என்பதால் இரண்டு பக்கம் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் விவரமாக எழுதாத எதற்கும் அந்தத் தேதி கிடைக்காது. அதனால் அவளுடைய நோட்புக், அரைகுறையாக வரைந்த படங்கள், தோற்றுப்போன பரிசோதனைகள், இன்னும் செய்து பார்க்காத மாற்று வழிகள் எல்லாவற்றையும் உள்ளே வைத்தோம். இரவு பதினொன்றரைக்கு ஒப்புகை எண் வந்தது. அதன்பிறகும் போஸ்டரில் விண்ணப்பத்தில் இல்லாத இரண்டு எண்களின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டித்தான் அனுப்பினேன்.

நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தாள். முகமெல்லாம் மலர்ச்சி. போஸ்டர் முன்னால் ஒருவர் அரைமணி நேரம் நின்று பேசினாராம். கரைப்பானை மாற்றிப் பார்த்தால் இன்னும் குறைந்த வெப்பநிலையில் செய்யலாம் என்று சொல்லி, எந்தக் கரைப்பான் என்பதையும் சொல்லியிருக்கிறார். லேபுக்கு வந்ததும் செய்து பார்த்திருக்கிறாள். வந்துவிட்டது. முழு விண்ணப்பத்துக்குப் பன்னிரண்டு மாதம் இருக்கிறதே, இதையும் சேர்த்துவிடலாமா என்று கேட்டாள்.

நான் புதுப் படிவம் ஒன்றை எடுத்து அவள் முன் வைத்தேன்.

"அவர் பெயரைக் குறித்துக்கொண்டாயா?"